மேயர் ரைஃபைசன்: கிராமக் கடன் சங்கம் பிறந்த இருபது ஆண்டுகள்

கூட்டுறவுப் பயிற்சி நிலையத்தில் படித்தவர்களுக்கு ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்ற பெயர் நினைவில் இருக்கும். தேர்வுக்காகப் படித்த ஒரு வரி: வேளாண்மைக் கடன் சங்கங்களின் தந்தை, ஜெர்மனி. அந்த ஒரு வரியில் விடுபட்டுப்போவது அவர் பார்த்த வேலை. 1845 முதல் 1865 வரை, மேற்கு ஜெர்மனியின் ஏழ்மையான மலைப்பகுதியிலும் அதை ஒட்டிய ரைன் சமவெளியிலும், மூன்று சிற்றூர்களில் அடுத்தடுத்து மேயராக இருந்தவர் அவர். வங்கியில் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. பொருளாதாரம் படித்ததில்லை. பள்ளிப் படிப்பே உயர்நிலைக்குப் போகவில்லை.

அவர் உருவாக்கிய சங்கத்தின் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவை எல்லாம் ஒரு சிற்றூர் மேயரின் அன்றாட வேலையிலிருந்து வந்தவை என்பது தெரியும். எல்லை ஏன் சின்னதாக இருக்க வேண்டும், கடன் ஏன் நீண்ட தவணைக்கு இருக்க வேண்டும், லாபத்தை ஏன் பங்கு பிரிக்கக் கூடாது என்பதற்கெல்லாம் விடை அவருடைய மேயர் வாழ்க்கையில்தான் இருக்கிறது. அதனால்தான் அந்த இருபது ஆண்டுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் பதவியைப் பற்றி. மேயர் என்றதும் நமக்கு மாநகராட்சியும் தேர்தலும் நினைவுக்கு வரும். அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் ரைன் மாகாணத்தில் கிராமப்புற மேயர் வேறு மாதிரியான ஆள். அந்தப் பகுதி நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சு நிர்வாகத்தின் தாக்கத்தில் இருந்தது. 1815க்குப் பிறகு பிரஷ்யாவின் கைக்கு வந்தபோதும், பல கிராமங்களைச் சேர்த்து ஒரே மேயரின் கீழ் வைக்கும் முறை தொடர்ந்தது. ஒவ்வொரு கிராமத்துக்கும் தனியாக ஒரு தலைவர் உண்டு. அவர்களுக்கெல்லாம் மேலே மேயர். அவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அரசு நியமிக்கும். வரி, காவல், பதிவேடுகள், ஏழைகளுக்கான நிவாரணம், பள்ளிக்கூடம், சாலை எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு மேலே மாவட்ட அதிகாரி, அதற்கும் மேலே கோப்லென்ஸ் நகரில் இருந்த அரசு அலுவலகம். கடைநிலை அரசு அதிகாரி, ஆனால் கிராமத்துக்குள் பெரிய ஆள். இந்த இரண்டு முகமும் அவர் கதை முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

ரைஃபைசன் பிறந்தது 1818 மார்ச் 30 அன்று, ஸீக் ஆற்றங்கரையில் உள்ள ஹாம் என்ற ஊரில். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. அப்பாவும் சில காலம் அதே ஊரில் மேயராக இருந்தவர்தான். ஆனால் அவரால் குடும்பத்தைத் தாங்க முடியாமல் போக, சுமை முழுவதும் தாயின் தலையில் விழுந்தது. மேற்படிப்புக்குப் பணம் இல்லை. ஊர்ப் பாதிரியார்தான் அந்தப் பையனுக்குப் பள்ளிக்கு வெளியே பாடம் சொல்லிக் கொடுத்தார். புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தின் அழுத்தமான தடம் அப்போதே பதிந்துவிட்டது. 17 வயதில் ராணுவத்தில் பீரங்கிப் படையில் சேர்ந்தார். அங்கே நன்றாக முன்னேறியிருப்பார். கண் நோய் குறுக்கே வந்தது. 1843இல் ராணுவத்தை விட்டு நிர்வாகப் பணிக்கு மாறினார். மாயென் என்ற ஊரில் மாவட்டச் செயலராகச் சில காலம் வேலை பார்த்துவிட்டு, 1845இன் தொடக்கத்தில், இன்னும் 27 வயது நிறையாத நிலையில், வையர்புஷ் மேயராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் ரேமாகன் நகரத்து மருந்துக் கடைக்காரர் ஒருவரின் மகளான எமிலி ஷ்டோர்க்கைத் திருமணம் செய்துகொண்டார்.

வையர்புஷ் மேயரின் கீழ் 22 கிராமங்கள். இடம் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதி. மண் வளம் குறைவு, குளிர் அதிகம். பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்துப் பிரித்து நிலம் துண்டு துண்டாகிவிட்டிருந்தது. அந்தத் துண்டில் உருளைக்கிழங்கும் கோதுமையைப் போன்ற தானியமான ரையும் போட்டுத்தான் பிழைப்பு. ரைஃபைசன் பதவிக்கு வந்த அதே 1845இல்தான் உருளைக்கிழங்கு அழுகல் நோய் ஐரோப்பாவைத் தாக்கியது. அடுத்த ஆண்டு தானிய விளைச்சலும் பொய்த்தது. 1846-47 குளிர்காலம் அந்தப் பகுதியின் நினைவில் பட்டினிக் குளிர்காலம் என்றே நிற்கிறது.

பிரஷ்ய அரசு தானியம் அனுப்பியது. கூடவே ஓர் ஆணையும் வந்தது: ரொக்கம் கொடுப்பவர்களுக்கு மட்டும் விற்க வேண்டும். பட்டினி கிடப்பவனிடம் ரொக்கம் எங்கே இருக்கும்? ரைஃபைசன் அந்த ஆணையை மீறி, ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். பதவிக்கு வந்து இரண்டே ஆண்டான ஓர் இளம் அதிகாரிக்கு அது சின்ன விஷயம் அல்ல. அத்தோடு அவர் நிற்கவில்லை. வசதியுள்ளவர்களைக் கூட்டி, பணம் திரட்டி, வெளியிலிருந்து தானியம் வாங்கினார். அடுப்புக் கூடம் ஒன்று கட்டி, அங்கேயே ரொட்டி சுட்டு, சந்தை விலையைவிட வெகு குறைவாக, இல்லாதவர்களுக்குக் கடன் சீட்டின் பேரில் கொடுத்தார்கள். இதுதான் வையர்புஷ் ரொட்டிச் சங்கம். அடுத்த விதைப்புக்கு விதைக்கிழங்கும் விதைத் தானியமும் இதே வழியில் கிடைத்தன.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் ரொட்டியை இலவசமாகக் கொடுக்கவில்லை என்பது. கடன் சீட்டு எழுதி வாங்கினார். அறுவடை முடிந்ததும் பெரும்பாலும் பணம் திரும்பி வந்தது. ஏழை விவசாயிக்கு ஈடு வைக்க எதுவும் இல்லாவிட்டாலும் அவன் நம்பத்தக்கவன் என்பதை ரைஃபைசன் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தன் அலுவலகக் கணக்கிலேயே பார்த்தார். பிற்காலத்தில் வங்கிகள் கேட்கும் ஈட்டுக்கு மாற்றாக அண்டை வீட்டாரின் நம்பிக்கையை வைக்கலாம் என்று அவர் துணிந்ததற்கு அந்தக் குளிர்காலத்துக் கணக்குதான் அடிப்படை என்று தோன்றுகிறது.

இதே காலத்தில் சாலை வேலையையும் கையில் எடுத்தார். மலைக்கிராமத்துக்காரனால் தன் விளைச்சலை நல்ல விலைக்கு விற்க முடியாததற்கு முக்கியக் காரணம், ரைன் நதிப் பக்கம் போக நல்ல பாதை இல்லாததுதான். வையர்புஷில் தொடங்கி அடுத்தடுத்த பதவிகளிலும் அவர் இந்தப் பாதையைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே போனார். ஹாமிலிருந்து நோய்வீட் வரை செல்லும் அந்த வழியை இன்று ரைஃபைசன் பெயரால் அழைக்கிறார்கள். கடன் சங்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் சாலையை மறந்துவிடுவார்கள். பொருள் சந்தைக்குப் போகாத ஊரில் கடன் கொடுத்தால் அது திரும்ப வராது என்பதால், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1848இல் பக்கத்திலிருந்த ஃபிளாமர்ஸ்ஃபெல்டுக்கு மாற்றினார்கள். இங்கே 33 கிராமங்கள். பஞ்சம் முடிந்திருந்தது, ஆனால் கடன் முடியவில்லை. பிரச்சினையின் மையம் மாடு. ஏழை விவசாயிக்கு மாடு வாங்கப் பணம் கிடையாது. வியாபாரி மாட்டைக் கொண்டுவந்து தொழுவத்தில் கட்டிவிட்டுப் போவான். தீனி போடுவது, பராமரிப்பது எல்லாம் விவசாயி. மாடு மட்டும் வியாபாரிக்குச் சொந்தம். கன்றிலும் வருமானத்திலும் பங்கு போகும். தவணைக்கு வாங்கியிருந்தால் விலை பல மடங்கு. ஒரு தவணை தவறினால் மாடு போகும், பிறகு நிலத்தின் மேல் வழக்கு வரும். நம் ஊரில் வாரத்துக்கு மாடு வளர்த்தவர்களுக்கும் கந்துக்கடன் வாங்கியவர்களுக்கும் இதை விளக்கவே தேவையில்லை.

1849இல் ரைஃபைசன் ஃபிளாமர்ஸ்ஃபெல்ட் உதவிச் சங்கத்தைத் தொடங்கினார். வசதியுள்ள 60 பேர் சேர்ந்தார்கள். தங்கள் சொத்து முழுவதையும் பொறுப்பாக்கி, எல்லோருமாகக் கையெழுத்திட்டார்கள். அந்தக் கூட்டுப் பொறுப்பைக் காட்டி வெளியே பணம் கடன் வாங்கினார்கள். சங்கமே மாட்டை வாங்கி விவசாயிக்குக் கொடுக்கும்; அவர் ஐந்து ஆண்டுத் தவணையில் கட்டி முடிப்பார். கொஞ்ச நாளில் மாடு மட்டுமல்லாமல் பணமாகவும் கடன் கொடுக்கத் தொடங்கினார்கள். கூட்டுறவுக் கடன் சங்கத்தின் உயிர்நாடியான வரம்பற்ற பொறுப்பு, அதாவது சங்கத்தின் கடனுக்கு ஒவ்வொரு உறுப்பினரும் தன் சொத்து முழுவதற்கும் பொறுப்பு என்ற விதி, இப்படித்தான் நுழைந்தது. ஆனால் பொறுப்பேற்றவர்கள் பணக்காரர்கள், கடன் வாங்கியவர்கள் ஏழைகள். இரண்டும் வேறு வேறு ஆட்கள். இது இன்னும் தர்ம காரியம்தான்.

1852இல் மூன்றாவது இடமாற்றம், ஹெட்டஸ்டோர்ஃபுக்கு. இன்று நோய்வீட் நகரத்துக்குள் அடங்கிவிட்ட ஊர். ரைன் சமவெளி, பக்கத்திலேயே இரும்பாலை. விவசாயியோடு கூலித் தொழிலாளியும் மேயரின் கவலையில் சேர்ந்துகொண்டார். 1854இல் ஹெட்டஸ்டோர்ஃப் நற்பணிச் சங்கம் தொடங்கியபோது அதன் நோக்கங்கள் பெரிய பட்டியல். ஆதரவற்ற பிள்ளைகளை வளர்ப்பது, வேலையில்லாதவர்களுக்கு வேலை தேடித் தருவது, சிறையிலிருந்து வெளிவந்தவர்களைக் கைதூக்கி விடுவது, மாடு வாங்கித் தருவது, கடன் கொடுப்பது. ஊரில் என்னென்ன துன்பம் மேயர் கண்ணில் பட்டதோ அத்தனையும் அதில் இருந்தது.

சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக உதிர்ந்து கடன் மட்டும் மிஞ்சியது. பணம் போட்ட வசதியானவர்களின் ஆர்வம் வற்றியது. சொத்தைப் பணயம் வைத்து, தங்களுக்கு ஒரு பயனும் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் ஒருவர் ஏன் உள்ளே இருக்க வேண்டும்? ரைஃபைசனுக்கு இது ஏற்க முடியாத செய்தி. அயலானை நேசி என்ற கட்டளையின் மேல் ஒரு நிறுவனத்தைக் கட்டி நிலைநிறுத்த முடியும் என்று அவர் உண்மையிலேயே நம்பினார். கடைசியில் தன் அனுபவத்துக்குத் தானே பணிந்தார். 1862இல் அருகிலிருந்த அன்ஹவுசன் திருச்சபைப் பகுதியில் புது வகைக் கடன் சங்கம் உருவானது. 1864இல் ஹெட்டஸ்டோர்ஃப் சங்கமும் அப்படியே திருத்தி அமைக்கப்பட்டது. கடன் வேண்டுமானால் உறுப்பினராக வேண்டும். உறுப்பினரானால் மற்றவர் கடனுக்கும் பொறுப்பு. கொடுப்பவர், வாங்குபவர் என்ற பிரிவே அதோடு முடிந்தது.

இந்த மாற்றத்தில்தான் அவருடைய பெருமை இருக்கிறது என்பேன். நல்ல மனம் படைத்த மேயர்கள் ஐரோப்பா முழுக்க இருந்திருப்பார்கள். பஞ்ச காலத்தில் கஞ்சித் தொட்டி திறந்தவர்கள் நம் நாட்டிலும் உண்டு. பதினைந்து ஆண்டுகள் தான் நம்பிய ஒன்றை, அது நிற்காது என்று தெரிந்ததும் விட்டுவிட்டு, அதே நோக்கத்துக்கு வேறு வழி தேடியவர்கள் மிகக் குறைவு.

இனி அந்தச் சங்கத்தின் உள்ளமைப்பு. எல்லை ஒரு திருச்சபை வட்டாரம், அதாவது எல்லோரும் எல்லோரையும் அறிந்திருக்கும் அளவு. யார் உழைப்பாளி, யார் குடிகாரன், யாருடைய நிலம் அடகில் இருக்கிறது என்பதை அறிய தனியாக விசாரணை தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பார்த்த முகங்கள்தான். கடன் எதற்கு என்று கேட்பார்கள். அந்தக் காரியத்துக்குச் செலவானதா என்றும் பார்ப்பார்கள். பார்க்காமல் விட்டால் நாளைக்கு நஷ்டம் அவர்கள் தலையில். வரம்பற்ற பொறுப்பு வெளியில் இருப்பவர்களுக்குச் சங்கத்தின் மேல் நம்பிக்கையைத் தந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு ஒருவரையொருவர் கவனிக்கும் கட்டாயத்தைத் தந்தது. ஒரு விதி, இரண்டு வேலை.

தவணை ஆண்டுக்கணக்கில் ஓடும். மாடு கன்று போட்டு, பால் கறந்து, கடனை அடைக்க நாளாகும். மூன்று மாதக் கடன் விவசாயிக்கு உதவாது. பங்கு மூலதனம் இல்லை, அல்லது பெயருக்கு மிகச் சிறியது. ஆளுக்கு ஒரு வாக்கு. நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. கணக்கு எழுதுபவருக்கு மட்டும் உண்டு. லாபத்தை யாரும் பிரித்துக்கொள்ளக் கூடாது. அது பிரிக்க முடியாத நிதியாகச் சேர்ந்துகொண்டே போகும். சங்கம் கலைந்தால்கூட அந்தப் பணம் உறுப்பினர் கைக்குப் போகாது. ஆண்டு செல்லச் செல்ல ஏழை ஊருக்கென்று ஒரு சொந்த மூலதனம் உருவாகும் என்பது அவர் கணக்கு.

இதே காலத்தில் ஜெர்மனியின் வேறொரு மூலையில், டெலிட்ஷ் என்ற ஊரில், ஹெர்மன் ஷுல்ட்ஸே டெலிட்ஷ் நகரக் கைவினைஞர்களுக்காகக் கடன் சங்கங்கள் நடத்திக்கொண்டிருந்தார். நீதிபதியாக இருந்தவர், தாராளவாத அரசியல்வாதி, நாடாளுமன்ற உறுப்பினர். அவருடைய சங்கங்களில் பங்குத்தொகை உண்டு, லாபப் பங்கு உண்டு, கடன் குறுகிய காலத்துக்கு. தச்சனுக்கும் செருப்புத் தைப்பவருக்கும் பணம் சீக்கிரம் சுழலும் என்பதால் அது பொருந்தியது. சுய உதவி என்ற கருத்தை ரைஃபைசன் பெருமளவு அவரிடமிருந்து பெற்றார். பிறகு இருவரும் கடுமையாக மோதிக்கொண்டார்கள்.

அந்த மோதலுக்குப் போகும் முன் 1865. மனைவி எமிலி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இறந்திருந்தார். பிறந்த ஏழு பிள்ளைகளில் மூவர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். உடல்நலம் கெட்டு, பார்வை மங்கி, கோப்பைப் படிக்கவே முடியாத நிலையில், 47 வயதில் ரைஃபைசனுக்கு ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். ஓய்வூதியம் சொற்பம். சுருட்டுத் தயாரிப்பில் இறங்கிப் பார்த்தார், பிறகு திராட்சை மது வியாபாரம் செய்தார். கடன் சங்கங்களுக்காக அவர் செய்த வேலைக்குச் சம்பளம் இல்லாததால், குடும்பம் நடந்தது இந்த வியாபாரத்தில்தான்.

அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது ஓய்வுக்கு அடுத்த ஆண்டு, 1866இல். கிராம மக்களின் வறுமையைப் போக்கும் வழியாகக் கடன் சங்கங்கள் என்பதுதான் பொருள். அவர் காலத்திலேயே பல பதிப்புகள் கண்டது. சங்கம் எப்படித் தொடங்குவது, விதிகளை எப்படி எழுதுவது, கணக்கு எப்படி வைப்பது என்று ஒரு மேயர் இன்னொரு மேயருக்குச் சொல்லும் பாணியில் அமைந்த கையேடு அது. கிட்டத்தட்டப் பார்வையிழந்த ஒருவர் இதையெல்லாம் எப்படி எழுதினார்? மூத்த மகள் அமாலி எழுதினார். கடிதங்களைப் படித்துக் காட்டுவது, அவர் சொல்லச் சொல்ல எழுதுவது, கணக்கைச் சரிபார்ப்பது எல்லாம் அமாலிதான். தந்தை அவரைத் திருமணம் செய்துகொள்ள விடவில்லை. தன் பணிக்கு அவர் தேவை என்று வைத்துக்கொண்டார். கூட்டுறவு வரலாற்றில் அமாலிக்கு ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. ஒரு பெண்ணின் முழு வாழ்க்கை அந்தக் கோப்புகளுக்குள் போயிருக்கிறது. ஏழைகளின் கஷ்டத்தை அவ்வளவு நுட்பமாகக் கண்ட மனிதருக்குத் தன் வீட்டுக்குள் நடந்தது தெரியாமல் போனது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மோதலுக்கு வருவோம். ஒரே வட்டாரத்தில் எல்லா விவசாயிக்கும் விதைப்புக் காலத்தில் ஒரே நேரத்தில் பணம் வேண்டும். அறுவடைக்குப் பிறகு எல்லோர் கையிலும் ஒரே நேரத்தில் பணம் இருக்கும். தனிச் சங்கம் இதைச் சமாளிக்க முடியாது. ஓர் ஊரில் மிஞ்சுவதை இன்னோர் ஊருக்கு மாற்ற மேலே ஒரு வங்கி வேண்டும். 1872இல் நோய்வீடில் ரைன் பகுதிக்கான கூட்டுறவு வங்கியும், 1874இல் நாடு முழுவதற்குமான பொது வங்கியும் தொடங்கினார். சங்கங்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்தும் வங்கி. இது சட்டப்படி செல்லாது, மூலதனமே இல்லாத அமைப்பை நம்பி மக்கள் ஏமாறுவார்கள் என்று ஷுல்ட்ஸே டெலிட்ஷ் நாடாளுமன்றம் வரை கொண்டுபோனார். ரைஃபைசன் தோற்றார். வங்கியைக் கலைத்துவிட்டு 1876இல் பங்கு நிறுவனமாக மத்தியக் கடன் வங்கியை அமைக்க வேண்டியதாயிற்று. 1877இல் சங்கங்களுக்கு ஆலோசனையும் தணிக்கையும் செய்ய ஒரு கூட்டமைப்பு வந்தது.

ஷுல்ட்ஸே டெலிட்ஷ் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வரம்பற்ற பொறுப்பை அடுக்கடுக்காக மேலே கொண்டுபோனால், ஒரு மூலையில் ஏற்படும் சரிவு முகம் தெரியாத நூறு ஊர்களை இழுத்துக்கொண்டு போகும். ஒரு திருச்சபை எல்லைக்குள் செல்லுபடியாகும் நம்பிக்கை நாடு முழுக்கச் செல்லுபடியாகாது. ரைஃபைசனின் பலம் எங்கே இருந்ததோ அங்கேயே அவருடைய எல்லையும் இருந்தது. ஹெஸ்ஸன் பகுதியில் வில்ஹெல்ம் ஹாஸ் என்பவர் அவரிடமிருந்து பிரிந்து தனிக் கூட்டமைப்பு அமைத்ததற்கும், எல்லாவற்றையும் நோய்வீடிலிருந்தே நடத்த நினைத்ததும் மதத்துக்கு அளித்த அழுத்தமும் காரணங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியின் மாட்டு வியாபாரிகளில் யூதர்கள் பலர் இருந்தார்கள். வட்டிக் கொடுமையைப் பற்றிப் பேசும்போது ரைஃபைசன் யூதர்களைக் குறிவைத்துப் பேசியதும் எழுதியதும் உண்டு. அவர் பிறந்த 200ஆவது ஆண்டான 2018இல் ஜெர்மனியில் இது மீண்டும் விவாதத்துக்கு வந்தது. அந்தக் காலத்து வழக்கம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு பகுதியின் கடன் சந்தையில் போட்டியே இல்லாததால் வந்த சுரண்டலை ஒரு சமூகத்தின் குணமாகக் காட்டியது தவறு. அந்தப் பேச்சு ஜெர்மனியில் பின்னர் எங்கே போய் முடிந்தது என்பது உலகுக்கே தெரியும்.

1888 மார்ச் 11 அன்று, 70 வயது நிறையச் சில நாட்களே இருக்கையில், ரைஃபைசன் இறந்தார். அப்போது அவருடைய கூட்டமைப்பில் 400க்கும் மேற்பட்ட சங்கங்கள் இருந்தன. அடுத்த ஆண்டே வந்த கூட்டுறவுச் சட்டம் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. வரையறுத்த பொறுப்போடு சங்கம் தொடங்கவும் வழி செய்தது. அதன்பின் பரவிய வேகம் பெரியது. ஆஸ்திரியாவில் 1886இலேயே முதல் சங்கம் தொடங்கியிருந்தது; சுவிட்சர்லாந்தில் 1899இல். நெதர்லாந்தின் ராபோபேங்க் என்ற பெயரின் முதல் எழுத்துகளில் இருப்பது ரைஃபைசன்தான். ஜெர்மனியில் ரைஃபைசன் வழி வந்த கூட்டமைப்பும் ஷுல்ட்ஸே டெலிட்ஷ் வழி வந்த கூட்டமைப்பும் 1972இல் ஒன்றாகிவிட்டன.

மேயர் பதவியில் இருந்த ஒருவர் தொடங்கியதால்தானே மக்கள் சேர்ந்தார்கள், இதில் சுய உதவி எங்கே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அரசு நியமித்த அதிகாரி கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது என்ற நிலை அன்று இருந்தது. ஆனால் சங்கங்கள் பெருகியது 1865க்குப் பிறகு, அவரிடம் எந்த அதிகாரமும் இல்லாத ஆண்டுகளில். முதல் உந்துதலை அதிகாரம் கொடுத்தது. பிறகு அது விலகிக்கொண்டது. விலக வைத்தது அவருடைய நோய் என்பது வேறு விஷயம்.

நம் ஊருக்கு இந்தக் கதை வந்த வழியில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1890களில் சென்னை மாகாண அரசு ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை, ஐரோப்பிய நில வங்கிகளை ஆராய்ந்து அறிக்கை தரச் சொன்னது. கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர் அவர். இந்தப் பகுதி விவசாயியின் கடன் சுமையை நேரில் அறிந்தவர். 1895லும் 1897லும் இரண்டு தொகுதிகளாக வந்த பெரிய அறிக்கை. ‘நிதி’ என்ற பெயரில் நம் ஊர்களில் இயங்கிய சேமிப்பு, கடன் அமைப்புகளைப் பற்றியும் அதில் ஆராய்ந்திருக்கிறார். பக்கம் பக்கமாக எழுதியவர், முடிவில் இரண்டே சொற்களில் தன் பரிந்துரையைச் சுருக்கினார்: ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள். மக்களுக்குள்ளிருந்து வந்து, மக்களோடு வாழ்ந்து, அவர்களை முன்னால் நடத்தக்கூடிய ஆளைத் தேடச் சொன்னார்.

அரசு கண்டுபிடித்தது ஒரு சட்டத்தை. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு ரைஃபைசன் முறைப்படி வரம்பற்ற பொறுப்பை வைத்தது. சங்கங்களைத் தொடங்கி வைக்கவும் மேற்பார்க்கவும் பதிவாளர் என்ற பதவியை உண்டாக்கியது. அதே ஆண்டு, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில், மாகாணத்தின் முதல் வேளாண்மைக் கடன் சங்கம் பதிவானது. வெஸ்டர்வால்டில் ஊருக்குள் இருந்த மேயர் செய்த வேலையை இங்கே ஊருக்கு வெளியே இருந்த பதிவாளர் செய்தார். ஊருக்குள் இருந்த கர்ணமும் மணியக்காரரும் பரம்பரைப் பதவிக்காரர்கள்; அவர்களில் பலர் தாங்களே வட்டிக்குக் கொடுப்பவர்கள். ஒரே கிராமம் என்றாலும் ஊரும் சேரியும் தனித்தனி. எல்லோரும் எல்லோருக்கும் பொறுப்பு என்ற விதி அப்படிப்பட்ட இடத்தில் தானாக வேர்விடாது. வசதியுள்ளவர்கள் சேரத் தயங்கினார்கள்; சேர்ந்தவர்கள் சங்கத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

1954இல் வெளிவந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வுக் குழுவின் அறிக்கை, கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனால் அது வென்றாக வேண்டும் என்று சொன்னது. சின்ன எல்லையும் வரம்பற்ற பொறுப்பும் வேண்டாம். பெரிய சங்கம், வரையறுத்த பொறுப்பு, அரசின் பங்கு என்று பரிந்துரைத்தது. அன்றைய நிலையில் அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் ஹெட்டஸ்டோர்ஃபில் 1864இல் போட்ட முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது. இன்று ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் எல்லைக்குள் பல கிராமங்கள். நஷ்டம் வந்தால் உறுப்பினரின் நிலத்துக்கு ஆபத்தில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது அந்தச் சுமை அரசின் கணக்குக்குப் போனது. வறட்சியிலும் புயலிலும் நொந்த விவசாயிக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய கடன் உழவுக்குப் போனதா வேறு செலவுக்குப் போனதா என்று கேட்க வேண்டிய காரணம் இப்போது யாருக்கும் இல்லை. அந்தக் கேள்வியை ஊரே கேட்கும்படி செய்ததுதான் ரைஃபைசனின் சங்கம்.